சித்தப்பா காரின் நூற்றிருபது குதிரைகள்

பொறாமை எனக்குள் எப்போது குடிவந்தது என்று யாராவது கேட்டால் இடம், பொருள், ஆள் எல்லாவற்றையும் தயங்காமல் சொல்லிவிடுவேன். இடம் எங்கள் வீட்டு வாசல். பொருள் ஒரு வெள்ளைக் கார். ஆள், சித்தப்பா மகள்.

அதற்கு முன்னால் நான் யார் மீதும் பொறாமைப்பட்டதே இல்லை என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் கொலுசு, வகுப்புத் தோழியின் சுழல்கிற பென்சில் சீவி என்று அவ்வப்போது வயிறு எரிந்ததுண்டு. அதெல்லாம் வந்து போகிற காய்ச்சல். இது சட்டி பானையோடு வந்து இறங்கிவிட்டது.

சித்தப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். மகளின் படிப்புக்காகக் குடும்பத்தைத் திருச்சியில் வைத்திருந்தார். அந்த வருடம் குலசாமி கும்பிடுகிற மாசிப் படைப்புக்கு லீவில் வந்தவர், திருச்சியிலேயே கார் எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தார். சாதாரணக் கார் இல்லை. ஏறுவதற்கு ஒரு படி வைத்த உயரமான கார். அதன் கதவில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தங்கள் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார்கள். "ஏறி ஒக்காந்து பாருங்க" என்று சித்தப்பா கதவைத் திறந்துவிட்டால், "காலெல்லாம் புழுதியா இருக்குப்பா, இன்னொரு நாளைக்கு" என்று எல்லோரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். என் அப்பா மட்டும் கிட்டத்தில் போய், புறங்கையால் அதன் முகப்பை ஒரு தடவு தடவிவிட்டு, "என்ன மைலேஜ் குடுக்குது?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

சித்தப்பா மகள் அந்தப் படியில் ஏறி நின்றாள். என்னைவிடச் சில மாதம் இளையவள். ஆனால் படியில் நின்றதால் என்னைவிட ஒரு முழம் உயரமாக இருந்தாள்.

"எங்க கார் நூத்தியிருபது ஹார்ஸ் பவர். ஒங்க வேன் எத்தன?"

அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதே இல்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்க முடியுமா?

"எங்க வேனுக்கும் இருக்கு."

"அதான் எத்தன?"

"நெறைய."

"நெறையன்னா எத்தன? ஐம்பதா, நூறா?"

"எண்ணல. எண்ணிட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்னால் அவள் சிரித்த சிரிப்பு வீட்டுக் கூடம் வரைக்கும் என்னோடு வந்தது.

அப்பா வைத்திருந்தது பழைய வேன். காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அன்னவாசலுக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவருவார். மற்ற நேரத்தில் அதுவே ஊருக்குப் பிரசவ வண்டி, பெண் பார்க்கப் போகிற வண்டி, உர மூட்டை வண்டி. கதவை யார் வேண்டுமானாலும் இழுத்துத் திறந்து ஏறுவார்கள். ஏறிய பிறகுதான் எங்கே போகிறது என்றே கேட்பார்கள். அப்படிப்பட்ட வேன்.

அன்று சாயங்காலம் அப்பா டயரைக் கழுவிக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன்.

"அப்பா, நம்ம வேனுக்கு எத்தன ஹார்ஸ் பவர்?"

"முப்பத்தஞ்சு இருக்கும். அதுலயும் நாலஞ்சு குதிரைக்கு வயசாயிருச்சு."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மிச்சக் குதிரையெல்லாம் பெட்ரோலுக்கு மட்டும் வாயத் தொறக்கும்."

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றிருபதிலிருந்து முப்பத்தைந்தைக் கழித்தால் எண்பத்தைந்து. அந்த எண்பத்தைந்து குதிரைகளும் அன்று ராத்திரி முழுக்க என் நெஞ்சுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் நான் நிஜக் குதிரையைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கிற மண் குதிரைகள்தாம். அவை நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகர்ந்தும் யாரும் பார்த்ததில்லை. ஆகவே அவற்றை வைத்து வேகத்தைக் கணக்கிடவும் வழியில்லை.

இது வெறும் பேச்சுப் போட்டியாக இருந்திருந்தால் அவள் திருச்சிக்குப் போனதும் ஆறிப்போயிருக்கும். பெட்டி குறுக்கே வந்துவிட்டது.

எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு சாமிப் பெட்டி உண்டு. அய்யனாருக்குச் சாத்துகிற பட்டு, வெள்ளிக் கண்மலர், மணி எல்லாம் அதற்குள் இருக்கும். வருடம் முழுவதும் ஊரிலுள்ள படைப்பு வீட்டில் இருக்கும். மாசிப் படைப்பன்று சாயங்காலம் அது கண்மாயைத் தாண்டியுள்ள கோயிலுக்குப் போகும். முன்பெல்லாம் தலைச்சுமையாகப் போனதாம். அப்பா வேன் வாங்கிய வருடத்திலிருந்து வேனில்தான். பங்காளிகளில் மூத்தவர், பூசை செய்கிறவரும் அவரே, எனக்கு ஐயா, அதாவது தாத்தா முறை. அவர் முன்சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். அவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான். பெட்டியை மூடியிருக்கிற துணியின் நுனி காற்றில் விலகாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. அந்த வேனுக்கு என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருந்தது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அடியில் கொதிக்கும். அந்தச் சூடு பெட்டிக்குள் இருக்கிற சாமியிடமிருந்து வருவதாகவே வெகுகாலம் நம்பியிருந்தேன். ஊரே தெருவில் நின்று கும்பிடும். பெட்டியைத்தான் கும்பிட்டார்கள் என்பது தெரியும். இருந்தாலும் நடுவில் நானும் இருந்தேன் அல்லவா?

படைப்புக்காகப் பங்காளிகள் கூடிப் பேசிய அன்று சித்தப்பா சொன்னார்.

"அண்ணே, இந்த வருசம் பெட்டி நம்ம கார்ல வரட்டுமே. ஐயாவும் அலுங்காம வரலாம். ஏசி இருக்கு."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததை உதறி மறுபடி மடித்தார். "அதுக்கென்ன... ஐயா என்ன சொல்றாகளோ" என்றார்.

ஐயா வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். "என்னைய எதுக்குடா கோத்து விடுறீங்க? இவன் வண்டின்னு சொன்னா அவன் மூஞ்சி தொங்கும். அவன் வண்டின்னா இவன் மூஞ்சி தொங்கும். எனக்கு ரெண்டு வீட்லயும் சோறு வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஐயா சிரிப்பு அடங்குவதற்குள் தீர்ப்பையும் சொல்லிவிட்டார். "காலையில ஆளு, சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டு ரெண்டு வண்டியும் ஒண்ணாக் கெளம்பட்டும். எது மொதல்ல கோயில் மரத்தடியில போயி நிக்குதோ அதுல சாயங்காலம் பெட்டி வரட்டும். சாமி அங்கிட்டுத்தானே ஒக்காந்திருக்கு, அதுவே பாத்துச் சொல்லிக்கும்."

பெரியவர்களுக்கு அது ஒரு சமாளிப்பு. வேடிக்கையாகத் தலையாட்டிவிட்டு அரிசி, மசாலா கணக்குக்குப் போய்விட்டார்கள். கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா மகள் என்னைப் பார்த்துச் சத்தம் வராமல் வாயை அசைத்தாள். "நூத்தியிருபது."

என் இடம் போகப் போகிறது. அவள் ஏசிக் காற்றில் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு வரப்போகிறாள், நான் தெருவில் நின்று கும்பிடப் போகிறேன். அவளையும் சேர்த்துக் கும்பிட வேண்டியிருக்கும்.

ஆனால் பொறாமைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது மனுஷியைச் சும்மா உட்காரவிடாது, எதையாவது கற்றுக்கொள்ள வைத்துவிடும். நான் வேனில் பள்ளிக்கூடம் போகும்போது அதுவரை வெளியே பார்த்துக்கொண்டு போவேன். அந்த வாரம் அப்பாவின் காலையும் கையையும் பார்த்தேன். காலையில் பிள்ளைகள் புளிமூட்டை மாதிரி அடைந்திருக்கும்போது, மேட்டில் ஏறுவதற்கு அப்பா கியரைக் குறைத்து, வேன் முனகி முனகித்தான் ஏறும். சாயங்காலம் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்க இறங்க அதற்கு உயிர் வரும். கடைசியில் அப்பாவும் நானும் மட்டும் மிஞ்சுகிற அந்தத் தைலமரக் காட்டுச் சாலையில் அதே வேன், அதே முப்பத்தைந்து குதிரை, பறக்கும்.

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. குதிரை எத்தனை என்பது பாதிக் கணக்குத்தான். அது எத்தனை பேரை இழுக்கிறது என்பது மீதிக் கணக்கு. வகுத்துப் பார்த்தேன். எங்கள் வேனில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தால் ஆளுக்குப் பதினேழரைக் குதிரை. அவர்கள் காரில் பதினைந்து பேரை ஏற்றிவிட்டால் ஆளுக்கு வெறும் எட்டு. ஜெயித்தாயிற்று! காரின் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினாலும் வேகம் குறையும் என்று தெரிந்தது. ஆனால் சித்தப்பா கொடுத்த சாக்லேட் அப்போது வாயில் கரைந்துகொண்டிருந்ததால் அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

படைப்பன்று காலையில் வாசலில் இரண்டு வண்டிகளும் நின்றன. எதிர்பார்த்தபடியே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் வேனை நோக்கி வந்தார்கள். கார்ப் பக்கம் ஒருவர்கூடப் போகவில்லை. சித்தப்பா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கல்யாண மண்டப வாசலில் நிற்கிறவர் மாதிரி நின்றிருந்தார்.

நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்த அக்கா. எடையிலும் அவர்தான் மூத்தவர்.

"அயித்த, வேன்ல ஸ்பிரிங் சீட்டு குத்தும். கார்ல பஞ்சு மாதிரி இருக்காம். ஒங்க முட்டிக்கு நல்லது."

"அது மெத்துமெத்துன்னு இருந்தா எனக்குத் தூக்கம்ல வரும்?"

"தூங்குங்க அயித்த. போனதும் எழுப்புறேன்."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னாத்தா இன்னக்கி எம்மேல இம்புட்டுப் பாசம்?" என்று சொல்லிக்கொண்டே போய்க் காரில் ஏறினார். கார் அந்தப் பக்கமாக ஒருமுறை வணங்கி எழுந்தது. என் மனசு குளிர்ந்தது.

அத்தை ஏறியதும் வழி திறந்துவிட்டது. ஒரு பெரியம்மாவிடம் காருக்குள் பாட்டுப் போடுவார்கள் என்றேன். அவர் ஏறினார். அவர் பின்னால் அவருடைய மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு படையே ஏறியது. அரிசி மூட்டை, அண்டா, தேங்காய்ச் சாக்கு எல்லாவற்றையும், "அங்கிட்டு எடம் நெறையா இருக்கு" என்று திருப்பிவிட்டேன். கடைசியில் நேர்த்திக்கடன் ஆட்டையும் பின்பக்கம் ஏற்றினார்கள்.

"அய்யே, ஆடு! டாடி, அது சீட்டத் தின்னுது!" என்று சித்தப்பா மகள் கத்தினாள்.

"தின்னட்டும், தின்னட்டும். ஏறுங்கக்கா, இன்னும் ரெண்டு பேர் நெருக்கி ஒக்காருங்க, எடம் இருக்கு" என்றார் சித்தப்பா. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் குதிரைகள் தலைக்கு எட்டாகக் குறைவது தெரியாமல் வாயெல்லாம் பல்லாக நிற்கிறாரே என்று நினைத்தேன். "அண்ணி, நீங்களும் இங்கிட்டே வாங்க" என்று என் அம்மாவையும் கூப்பிட்டார். அம்மாவும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதை நான் திட்டமிடவில்லை. ஆனாலும் கணக்குக்கு நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

அப்பா கைகழுவிவிட்டு வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பிறகு முழுசாகத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கத்தா ஒருத்தரையும் காணாம்?"

"எல்லாரும் அங்க ஏறிட்டாங்கப்பா."

"எல்லாருமா?"

"அம்மாகூட."

அப்பா சாவியைத் திருப்பினார்.

வேன் பறந்தது. நான் நினைத்ததைவிட நன்றாகவே பறந்தது. பின்னால் கார் சின்னதாகிக்கொண்டே போனது. காரில் போகும்போதெல்லாம் வாந்தி எடுக்கிற பெரியம்மாவுக்காக அது ஒருமுறை நின்றது. ஆடு கத்தியதற்காக இன்னொருமுறை நின்றது. நான் சீட்டில் ஏறி மண்டியிட்டுப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக் குதித்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஆளில்லாத வேன் காலி தகரடப்பா மாதிரி சத்தம் போட்டது. சீட்டின் போல்ட், ஜன்னல் கண்ணாடி, கதவு எல்லாம் தனித்தனியாகக் கடகடத்தன. ஆட்கள் இருக்கும்போது இந்தச் சத்தமெல்லாம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

"ஏம்ப்பா மெதுவாப் போற?"

"பின்னால வரட்டும்" என்றார் அப்பா.

தார்ச்சாலையை விட்டுக் கண்மாய்ப் பாதையில் திரும்பும்போது கார் எங்களைப் பிடித்துவிட்டது. அத்தனை பேருக்கு ஏசி போதாமல் ஜன்னல்களையெல்லாம் இறக்கியிருந்தார்கள். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. பாட்டுக்கு மேலே அத்தையின் சிரிப்பு வந்தது. யாரோ குலவை போட்டார்கள். அம்மாவின் சிரிப்பும் அதற்குள் கேட்டது. வேனில் வரும்போது அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை என்று தோன்றியது. உண்மையில் கேட்டிருப்பேன். அப்போது நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்திருப்பேன், அதனால் காதில் விழுந்திருக்காது. கட்டுமரம் மாதிரி ஆடிக்கொண்டு வந்த அந்தக் கார்மேல் எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. முன்னால் போவது நான். எரிவதும் எனக்கே.

கோயிலுக்குக் கண்மாய்க் கரைமேல் ஏறித்தான் போகவேண்டும். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஏற்றம். முழுக்கச் சிவப்புச் சரளை. அப்பா ஒவ்வொரு வருடமும் நிறை வேனோடு ஏறுகிற ஏற்றம்தான். அன்று பாதியில் வேன் உறுமியது, நகரவில்லை. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. சரளைக்கல் பட்டாணி மாதிரித் தெறித்தது. அப்பா பின்னால் இறக்கி, மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே இடத்தில் அது கால் வழுக்கி நின்றது.

பின்னால் கார் வந்து நின்றது. ஒதுங்கிப் போக இடமில்லை. கதவுகள் திறந்து ஆளாளுக்கு இறங்கினார்கள்.

"என்னடா ஆச்சு, வருசா வருசம் ஏறுற வண்டி?" என்று அத்தை கேட்டார்.

அப்பா இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார். "பின்னால பாரமே இல்லக்கா. வெத்து வண்டி, சரளையில பிடிமானம் கெடைக்கல. ரெண்டு பேர் வந்து பின்சீட்டுல ஒக்காருங்க, போதும்."

இரண்டு பேர் என்றுதான் சொன்னார். எங்கள் சனங்களுக்கு இரண்டு என்று எண்ணத் தெரியாது. அத்தை ஏறினார். பெரியம்மா, "அந்த டீசல் நாத்தத்துக்கு இது எம்புட்டோ தேவல" என்று ஏறினார். மருமகளும் பிள்ளைகளும் ஏறினார்கள். அம்மா ஏறினார். இடமில்லாதவர்கள் மடிமேல் உட்கார்ந்தார்கள்.

"இம்புட்டுப் பேரா? இப்ப பாரத்துல ஏறாதேப்பா!" என்று நான் பதறினேன்.

"நாங்க ஏறுனாத்தான்டி இது ஏறும்" என்றார் அத்தை.

சித்தப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் போய்த் தள்ளினார். அப்பா முதல் கியரில் மெல்லக் காலை அழுத்தினார். வேன் ஒரு மூச்சு இழுத்தது. சக்கரம் கல்லைக் கவ்வியது. ஏறத் தொடங்கிவிட்டது. உள்ளே எழுந்த குலவையில் எனக்குக் காது அடைத்தது. தள்ளிக்கொண்டே ஓடிவந்த சித்தப்பா, சிங்கப்பூர்ச் சட்டை முழுக்கச் செம்மண்ணோடு, திறந்திருந்த கதவில் தாவித் தொற்றிக்கொண்டார். "போலாம் ரைட்!" என்று கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். கோயில் மரத்தடியில் போய் நிற்கும் வரைக்கும் அவர் தொங்கிக்கொண்டேதான் வந்தார். கீழே, கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து விடாமல் ஹாரன் சத்தம் கேட்டபோதுதான் அவருக்குத் தன் காரும், அதற்குள் ஆட்டோடு இருந்த மகளும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இன்று நான் அன்னவாசலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். குதிரைச் சக்தி பற்றிக் கேட்காத ஆளே கிடையாது. என்ஜின் எவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்பதற்குத்தான் அந்த எண். அந்த வேலை சாலைக்குப் போய்ச் சேருவது கியர், டயர், எடை, எதிர்காற்று, மேடு, கீழே கிடக்கிற கல் எல்லாவற்றையும் பொறுத்தது என்று அவர்களுக்குச் சொல்வேன். எடை கூடினால் வேகம் குறையும். எடையே இல்லாவிட்டால் சக்கரம் தரையைப் பிடிக்காது. நான் போட்ட வகுத்தலில் சரளைக்கல் வரவே இல்லை. ஆனால் கணக்குத் தப்பியும் விடை எனக்குச் சாதகமாக வந்திருந்தது. அந்த வயதில் அது போதும்.

அன்று மரத்தடியில் வேனைவிட்டு இறங்கியதும், "சாமி சொல்லிருச்சுப்பா. வேன்லயே பெட்டி வரட்டும்" என்றார் ஐயா.

சித்தப்பா ஓடிப்போய்க் காரை மேலே கொண்டுவந்ததும் நான் அவர் மகளைத் தேடிப் போனேன். அவள் அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தாள். பாவாடையில் ஆட்டுப் புழுக்கை.

"முப்பத்தஞ்சு" என்றேன்.

"எங்க டாடி வேணும்னுதான் விட்டுக்குடுத்தாங்க."

"ஏன், தொங்கிக்கிட்டு வரவா?"

அவள் குனிந்து பாவாடையைத் தட்டிவிடத் தொடங்கினாள். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான சந்தோஷத்தை நான் மறுபடி அனுபவித்ததில்லை. அது மத்தியானம் வரைக்கும் நீடித்தது.

மத்தியானம் அண்டாவில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டியை எடுத்துவர ஊருக்குத் திரும்பிப் போகவேண்டிய நேரம் வந்தது. அப்பா வேனுக்கு அருகில் நின்றிருந்தார். சித்தப்பா வந்தார். கைகளை இடுப்பில் வைத்தார், எடுத்தார், காதைச் சொறிந்தார்.

"அண்ணே, பெட்டி வேன்லயே வரட்டும். வேனை நான் ஓட்டட்டா?"

"நீயா?"

"ஐயாவையும் எல்லாரையும் ஏத்திக்கிட்டு... ஒரு தடவ."

"ஒன் காரை யாரு எடுப்பா?"

"நீங்க எடுங்கண்ணே" என்று சாவியை நீட்டினார்.

அப்பா உடனே வாங்கவில்லை. கையைப் பார்த்தார். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். துண்டில் துடைத்துவிட்டு வந்து வாங்கினார். வேன் சாவியைக் கொடுத்துவிட்டு, "மூணாவது கியரு மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும்" என்றார்.

எனக்கு உலகம் இடிந்துவிட்டது. ஜெயித்தது நாம். வேனைத் தூக்கி அவர்களிடம் கொடுத்தால் என்ன அர்த்தம்? சித்தப்பா மகள் அதற்குள் ஓடிப்போய் முன்சீட்டில், நடுவில், என் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "ஐ, சூடா இருக்கு!" என்று கத்தினாள். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"குடுக்காதப்பா. ஏமாத்துறாங்க."

"வா, இது எப்புடி இருக்குன்னு பாப்போம்" என்றார் அப்பா.

காரில் ஏறுவதற்கு முன்னால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். அதைக் கையில் எடுத்து, ஒரு காகிதத்தில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் பார்த்திருப்பாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில் வேன் கிளம்பிவிட்டிருந்தது, நல்லவேளை.

ஊருக்குப் போகிற தைலமரக் காட்டுச் சாலையில் யாரும் இல்லை. அங்கே அப்பா ஒரே ஒருமுறை அந்தக் காரை அழுத்தினார். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மரங்கள் ஒன்றோடொன்று கலந்து பச்சைச் சுவராயின. பிறகு அவரே காலை எடுத்துவிட்டார். "ம்" என்றார். என் இடம் போனதற்காக அழுதுகொண்டிருந்த நான் அந்த 'ம்'முக்கும் சேர்த்து அழுதேன்.

ஊரில் பெட்டியை வேனில் ஏற்றினார்கள். ஐயா பெட்டியோடு உட்கார்ந்தார். அவள் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் மிச்சமிருந்த சனமெல்லாம் வேனில் ஏறியது. பெட்டி போகிற வண்டியை எதுவும் முந்தக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே நாங்கள் பின்னாலேயே போனோம். சித்தப்பா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தினார். ஒவ்வொருவரிடமும் தலையை வெளியே நீட்டிப் பேசினார். மூன்றாவது கியர் விழாமல் வேன் கரகரக்கும்போதெல்லாம் உள்ளே பெரிய சிரிப்பு எழுந்தது. ஊர் மொத்தமும் கும்பிட்டது, அவளையும் சேர்த்து. நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பா முதுகை நேராக வைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மாடு நடக்கிற வேகத்தில் அவ்வளவு பெரிய காரை ஓட்டினார். இவ்வளவு மெதுவாகப் போவதற்கு இவருக்கு ஏன் கோபம் வரவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது.

கோயில் வந்தது. கொட்டு முழங்கப் பெட்டியை இறக்கினார்கள். எல்லோரும் இறங்கிப் பின்னாலேயே போய்விட்டார்கள். சித்தப்பா மகளும் இறங்கி, துணியின் நுனியை விடாமல் நடந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்று எங்கள் பக்கம் பார்த்தாள். அப்பா இறங்கவில்லை. என்ஜினும் ஓடிக்கொண்டே இருந்தது.

"எல்லாரும் போயிட்டாங்கப்பா."

"இரு, வாரேன்."

அவர் கைகள் இன்னும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. தலையை லேசாகச் சாய்த்து, மெல்லிய அந்தச் சத்தத்தைக் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். புதுக் கார், அப்பாவுக்கு இதை அணைக்கத் தெரியவில்லை. இது மட்டும் அவளுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

நான் சட்டென்று குனிந்து, அவர் கைக்கு அடியில் புகுந்து, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன்.